அவுக வந்திருந்தாக

ஜன்னலோரம் இடம் கிடைத்துவிட்டது. டிரைவர் பக்கம், நாலாவது வரிசை. கோவில்பட்டியிலிருந்து தூத்துக்குடிக்குக் காலை பஸ்ஸில் போனால் வெயில் இடது பக்கம்தான் அடிக்கும், டிரைவர் பக்கம் உட்கார்ந்தால் முகம் கருகாது என்று அவர் ஆயிரம் தடவை சொல்லியிருக்கிறார். அவர் என்றால் என் வீட்டுக்காரர். செத்துப்போய் இன்றோடு நாற்பத்தொரு நாள். போன செவ்வாய்க்கிழமை தூத்துக்குடிக் கடற்கரையில் ஒரு டீக்கடைக்கு வந்து போயிருக்கிறார். இந்த இரண்டையும் சேர்த்துச் சொன்னால் மறை கழன்றுவிட்டது என்பார்கள், அதனால் யாரிடமும் சொல்லவில்லை. ஓசூரில் இருக்கும் மகன் திருமலையிடம் சொல்லவில்லை. சொன்னால் அடுத்த பஸ்ஸிலேயே வந்து என்னையும் இரண்டு பெட்டியையும் தூக்கிக்கொண்டு போய் அவன் வீட்டு எட்டாவது மாடியில் வைத்துவிடுவான். எதிர்வீட்டு ஆவுடைத்தாயிடம் பாங்கில் வேலை இருக்கிறது என்றேன். சேலையை ஏற இறங்கப் பார்த்தாள். ஊதாச் சேலை. கருமாதி முடிந்து ஒரு மாதம்கூட ஆகவில்லை, பாங்குக்குப் போகிறவள் இப்படியா உடுத்துவாள் என்று நினைத்திருப்பாள். நினைக்கட்டும். அவருக்குப் பிடித்த நிறம் இது, அவளுக்கென்ன வந்தது. கண்டக்டர் விசிலை வாயில் வைத்தபடியே வந்தார். நான் வாயைத் திறக்கும் முன்பே பழைய பஸ்ஸ்டாண்டுக்கு டிக்கெட்டைக் கிழித்து நீட்டி, இன்றைக்காவது உட்கார்ந்து போகிறீர்களே அம்மா என்றார். நீங்கள் வேறு யாரையோ நினைத்துப் பேசுகிறீர்கள், நான் இந்த பஸ்ஸில் ஏறுவதே முதல் தடவை என்றேன். சரிம்மா என்று சிரித்துக்கொண்டே நகர்ந்துவிட்டார். பொட்டில்லாத அறுபது வயதுப் பொம்பளைகள் எல்லோரும் இவர்களுக்கு ஒரே ஆள்தான். பஸ் கிளம்பியது.

போன சனிக்கிழமை மத்தியானம் போன் வந்தது. எங்கள் வீட்டில் ஒரே போன்தான், அவருடையது. எனக்கென்று ஒன்று வேண்டும் என்று எனக்குத் தோன்றியதே இல்லை, ஒரே வீட்டில் இருக்கிற இரண்டு பேருக்கு எதற்கு இரண்டு போன். சாப்பிட்ட தட்டைக் கழுவிக்கொண்டிருந்தேன். ஈரக்கையோடு எடுத்தால் ஒரு பொம்பளைக் குரல், பின்னால் பாய்லர் உறுமுகிற சத்தம். தூத்துக்குடி பீச் ரோட்டில் டீக்கடை வைத்திருப்பதாகச் சொன்னாள். பிறகு சொன்னாள்: "செவ்வாக்கெழம அவுக இங்க வந்திருந்தாக. பைய விட்டுட்டுப் போயிட்டாக. வந்து வாங்கிக்கிடச் சொல்லுங்க." நான் எவுக என்று கேட்டேன். "அவுகதாம்மா. இந்த நம்பர எழுதிக் குடுத்தாகல்ல, அவுக." ஈரக்கையைச் சேலையில் துடைத்தேன். முப்பத்தாறு வருஷமாக என் வாயில் அவுக என்றால் ஒரே ஒருத்தர்தான். பெயரைச் சொன்னதில்லை. ரேஷன் கடையில் கேட்டால்கூடக் கார்டை நீட்டுவேனே தவிரச் சொன்னதில்லை. அவுக சாப்பிட்டாச்சு, அவுக தூங்குதாக, அவுகளுக்கு வேட்டி எடுக்கணும். தெருவில் யார் கேட்டாலும் அவுக இல்லையே என்றால் போதும், எந்த அவுக என்று ஒருத்தரும் கேட்டதில்லை. அந்தக் கடைக்காரியும் அப்படித்தான் சொன்னாள், தெரிந்தவரைச் சொல்வதுபோல. எப்படி இருந்தாக என்று கேட்டேன். என் குரல் எனக்கே கேட்கவில்லை. "நல்லாத்தான் இருந்தாக. கொஞ்சம் அசந்துபோயி இருந்தாக. கடலயே பாத்துக்கிட்டு இருந்தாக." அவ்வளவுதான், யாரோ டீ கேட்டார்கள், வைத்துவிட்டாள். நான் அடுப்படியிலேயே உட்கார்ந்துவிட்டேன். பயமாக இருந்தது. சந்தோஷமாகவும் இருந்தது, அதை மறைப்பானேன். பிறகுதான் கோபம் வந்தது. வீட்டுக்கு வராமல் அங்கே எதற்குப் போனார் என்று அன்று சாயங்காலம் வரை அவரோடு மனசுக்குள் சண்டை போட்டுக்கொண்டிருந்தேன்.

எட்டயபுரம் தாண்டியாயிற்று. இரண்டு பக்கமும் கரிசல் வெடித்துக் கிடக்கிறது, காற்றாடிகள் சில சுற்றுகின்றன, சில சும்மா நிற்கின்றன. ஒரே காற்றில் ஒன்று ஏன் சுற்றுகிறது ஒன்று ஏன் நிற்கிறது, இதையும் அவரிடம்தான் கேட்க வேண்டும். அவர் செத்தது எனக்குத் தெரியும். இதை நான் தெளிவாகச் சொல்லிக்கொள்கிறேன். நான்தான் முதலில் பார்த்தேன், கட்டிலில் ஒருக்களித்துப் படுத்தவர் கூப்பிட்டதற்கு எழுந்திருக்கவில்லை. மூக்கில் பஞ்சு வைத்ததைப் பார்த்தேன், நெற்றியில் காசு ஒட்டியதைப் பார்த்தேன். தாடையோடு சேர்த்துத் தலையில் கட்டு. கால் கட்டைவிரல் இரண்டையும் வெள்ளைத் துணியால் சேர்த்துக் கட்டினார்கள். அந்த இடத்தில்தான் சனிக்கிழமையிலிருந்து நின்றுகொண்டிருக்கிறேன். அந்தக் கட்டை அவிழ்த்தார்களா? சிதையில் வைக்கும் முன் அவிழ்த்துவிடுவார்கள் என்று ஆவுடைத்தாய் சொல்கிறாள், பொம்பளைகள்தான் சுடுகாட்டுக்குப் போவதில்லையே, அவளுக்கு எப்படித் தெரியும். அவிழ்க்காவிட்டால் எப்படி நடப்பார். இரண்டு கட்டைவிரலையும் சேர்த்துக் கட்டிக்கொண்டு பீச் ரோட்டில் தத்தித் தத்தி வந்தாரா, அதனால்தான் அசந்துபோய் இருந்தாரா. சீ, என்ன நினைப்பு. எரித்தாயிற்று, அவிழ்த்தால் என்ன அவிழ்க்காவிட்டால் என்ன. திருமலை அஸ்தியைத் திருச்செந்தூர்க் கடலில் கரைத்தான், போட்டோகூட எடுத்து அனுப்பினான். கடல் ஒன்றுதானே. திருச்செந்தூரில் இறங்கித் தூத்துக்குடியில் ஏறுவது அவருக்குப் பெரிய காரியமில்லை, கல்யாணத்துக்கு முன்னால் நாலு வருஷம் அங்கே உப்பு மூட்டை அடுக்குகிற கிட்டங்கியில் வேலை பார்த்தவர், அந்தக் கரை அவருக்கு அத்துப்படி. எங்க ஊர்க் கடல் சத்தமே போடாது தெரியுமா என்பார். பிறந்தது கயத்தாறு, வளர்ந்தது கோவில்பட்டி, எங்க ஊர் என்பது தூத்துக்குடி. ஒருநாள் கூட்டிக்கொண்டு போய்க் காட்டுகிறேன் என்று முப்பத்தாறு வருஷம் சொன்னார். ஒன்றரை மணி நேர பஸ், அதற்கு முப்பத்தாறு வருஷம். நானும் சிரித்துக்கொண்டே கேட்டுக்கொண்டிருந்தேன், கடல் எங்கே போய்விடும் என்று.

"இங்க ஆளு வருதாக்கா?" யாரோ கேட்கிறார்கள். தலையில் துண்டு கட்டிய ஒருத்தர், கையில் கோழிக்கூடை. என் பக்கத்து இடத்தைக் காட்டிக் கேட்கிறார். பார்த்தால் அங்கே ஒரு துண்டு விரித்துப் போட்டிருக்கிறது. வெள்ளைத் துண்டு, சிவப்புக் கரை, என் வீட்டுக்காரருடையது. இடம் பிடிக்கப் போடுவார்களே, அப்படி விரித்துப் போட்டிருக்கிறது. வருவாக என்று சொல்லிவிட்டேன். வாய் தானாகச் சொல்லிவிட்டது. அவர் கூடையோடு பின்னால் போய்விட்டார். நானா போட்டேன்? நான்தான் போட்டிருக்க வேண்டும், எதற்கும் இருக்கட்டும் என்று காலையில் இந்தத் துண்டைப் பைக்குள் வைத்தது நினைவிருக்கிறது, வைத்ததுதான் நினைவிருக்கிறது. எடுத்தது இல்லை. கூட்டத்தில் ஏறின படபடப்பு. பழக்கதோஷம். முப்பத்தாறு வருஷம் நான் முன்னால் ஏறித் துண்டு போடுவேன், அவர் கடைசி வரை கீழே நின்று பேப்பர் வாங்கிக்கொண்டு பஸ் நகரும்போது ஏறுவார், கை அப்படியே வேலை செய்துவிட்டது, இதற்குப் போய் நெஞ்சு ஏன் இப்படி அடித்துக்கொள்கிறது. குறுக்குச்சாலையில் ஆறேழு பேர் ஏறினார்கள். கம்பியைப் பிடித்துக்கொண்டு நிற்கிறார்கள். ஒருத்தரும் பக்கத்து இடத்தில் உட்காரவில்லை. துண்டை எடுத்துவிடலாம், கை நீட்டினால் போதும். எடுக்கவில்லை. உட்கார்ந்திருக்கிறவர் மடியில் கை வைப்பதுபோல் ஒரு கூச்சம் வந்துவிட்டது, நான் ஜன்னல் பக்கமே திரும்பிக்கொண்டேன்.

என் ஞாபகசக்தியை ஊரே மெச்சும். அதில் எனக்குக் கர்வம் உண்டு. தெருவில் யார் வீட்டுக் கல்யாணம் எந்த வருஷம், எந்தப் பிள்ளைக்கு எந்த மாதத்தில் மொட்டை போட்டார்கள், எல்லாம் என்னிடம்தான் வந்து கேட்பார்கள். மறதி அவருடைய சொத்து. கடைக்குப் போனால் பை மறக்கும், பையோடு போனால் வாங்குவது மறக்கும். குடைகளை ஊர் ஊராக விதைத்தவர். அதனால்தான் பையை விட்டுவிட்டுப் போனார் என்று அந்தப் பொம்பளை சொன்னதும் எனக்குச் சந்தேகமே வரவில்லை, வேறு யாராக இருக்க முடியும். ஆதாரமும் இருக்கிறது. போன் வந்த அன்றைக்கே பீரோவைத் திறந்து பார்த்தேன். நீலக் கட்டம் போட்ட சட்டை இல்லை. மயில்கண் வேட்டி ஒன்று இல்லை. பூட்டின பீரோ, சாவி என் இடுப்பில். திருடன் இரண்டு துணிக்காகவா வருவான். புதன்கிழமை காலையில் வாசலில் என் செருப்பில் மணல் இருந்தது, அது ஆவுடைத்தாய் வீட்டில் மாடி எடுக்கிறார்கள், லாரி மணல், காற்றில் வந்திருக்கும். ஈர மணல் காற்றில் வருமா என்று ஒரு கேள்வி வந்தது. வந்த வழியே அனுப்பிவிட்டேன். அவர் வந்தபோது நான் எங்கே இருந்தேன் என்பதுதான் கண்டுபிடிக்க வேண்டியது. வீட்டுக்கு வந்து பீரோவைத் திறந்து சட்டை எடுத்துக்கொண்டு போயிருக்கிறார், எனக்குத் தெரியாமல். திங்கட்கிழமை இட்லிக்கு அரைத்தேன். புதன்கிழமை சிலிண்டர் வந்தது, அந்தப் பையன் மேல்மாடி வீட்டுக்குப் போய் மணியடித்துவிட்டு வந்தான். செவ்வாய்க்கிழமை. செவ்வாய்க்கிழமை நான் என்ன செய்தேன். திங்கள் அரைத்தேன், மாவு பொங்கி வழிந்திருக்கும், செவ்வாய் காலையில் இட்லி ஊற்றியிருப்பேன். புதன்கிழமை மாவுச்சட்டி காலியாக இருந்தது. ஒருத்திக்கு ஒரு நாளில் அத்தனை மாவு எப்படிக் காலியாகும். சரி, ஆவுடைத்தாய்க்குக் கொடுத்திருப்பேன்.

ஆவுடைத்தாய். அவள்தான் நேற்றுக் கேட்டாள், போன செவ்வாய்க்கிழமை பூராவும் கதவு பூட்டிக் கிடந்ததே, எங்கே போயிருந்தீர்கள் என்று. எனக்குச் சுரீரென்று வந்தது. நான் வாசலைத் தாண்டவில்லை, நீ தூங்கி எழுந்து யார் வீட்டைப் பார்த்தாயோ என்றேன். அவள் என்னையே பார்த்தாள். அந்தப் பார்வை எனக்குப் பிடிக்கவில்லை. நோயாளியைப் பார்க்கிற பார்வை. திங்கள் அரைத்தேன், புதன் சிலிண்டர். நடுவில் என்னமோ இருக்கிறது, கை வைத்தால் வழுக்குகிறது. பல் விழுந்த இடத்தை நாக்கு தேடுவது மாதிரி அங்கேயே போய்ப் போய் நிற்கிறேன். வேண்டாம். அவரைப் பார்த்ததும் முதலில் என்ன சொல்ல வேண்டும் என்று யோசிக்கலாம். அதற்குத்தானே போகிறேன். பையை வாங்கவா ஒன்றரை மணி நேரம் பஸ்ஸில் போகிறேன். அவர் மறுபடியும் வருவார். போன செவ்வாய் வந்தவர் இந்தச் செவ்வாயும் வருவார், பையை மறந்தது ஞாபகம் வந்து தேடிக்கொண்டு வருவார், அதனால்தான் ஞாயிறு திங்கள் இரண்டு நாளும் பல்லைக் கடித்துக்கொண்டு இருந்துவிட்டு இன்றைக்குக் கிளம்பினேன். கேட்டால் பைத்தியம் என்பார்கள். எனக்கு அந்த ஒரு வார்த்தையைத் திரும்ப வாங்கிக்கொள்ள வேண்டும். அவர் செத்த அன்றைக்குக் காலையில் பாலை அடுப்பில் வைத்துவிட்டு நான் குளிக்கப் போனேன். பார்த்துக்கொள்ளுங்கள் என்று சொல்லிவிட்டுத்தான் போனேன். திரும்பி வந்தால் பால் பூராவும் பொங்கி வழிந்து, அடுப்பு அணைந்து, வீடெல்லாம் கேஸ் வாடை. இவர் முன்னறையில் உட்கார்ந்து பேப்பர் படிக்கிறார். எனக்கு என்ன வந்ததோ. இப்படி மறக்கிறதுக்கு ஆளே இல்லாமல் இருக்கலாம் என்றேன். அவர் பேப்பரை மடித்து வைத்தார். சிரித்தார் என்றுதான் நினைக்கிறேன். கொஞ்சம் படுத்துக்கிடுதேன் என்று உள்ளே போனார். முக்கால் மணி நேரம் கழித்துப் புதுப்பாலில் காப்பி போட்டுக்கொண்டு போய்க் கூப்பிட்டேன். அந்தக் காப்பியை யார் எடுத்துக் கொட்டினார்கள் என்றுகூடத் தெரியாது. அது வாய் வார்த்தை, மனசிலிருந்து வரவில்லை என்று அவரிடம் சொல்ல வேண்டும். வேறு ஒன்றும் வேண்டாம்.

உப்பளம் வந்துவிட்டது. பாத்தி பாத்தியாகத் தண்ணீர், ஓரத்தில் வெள்ளைக் குவியல்கள், தூரத்தில் அனல்மின் நிலையத்துப் புகைபோக்கிகள். குவியல்களின் மேல் ஓலை மூடியிருக்கிறது. கண் கூசுகிறது. ஒரு மனுஷரும் இல்லை. வரப்பில் ஒரு சைக்கிள் மட்டும் நிற்கிறது, சைக்கிளுக்கு உரியவர் எங்கே என்று கண்ணுக்கு எட்டின தூரம் தேடினேன், இத்தனை வெட்டவெளியில் ஒரு ஆள் எங்கே மறைய முடியும். பஸ்ஸுக்குள் பேச்சு அடங்கிவிட்டது, வெக்கை. பக்கத்து இடத்தில் துண்டின் நடுவில் குழிவிழுந்திருந்தது. காற்றுதான். நான் அதை நேராகப் பார்க்காமல் கண்ணோரத்தால் பார்த்துக்கொண்டே வந்தேன். பழைய பஸ்ஸ்டாண்டில் இறங்கும்போது கண்டக்டர் கையைப் பிடித்து இறக்கிவிட்டு, திரும்புகிற பஸ் மூன்று மணிக்கு, அதை விட்டுவிடாதீர்கள் அம்மா, போன தடவை மாதிரி ஆகிவிடப்போகிறது என்றார். இந்த ஆள் விடமாட்டார் போலிருக்கிறது. போன தடவை என்று ஒன்று இல்லை என்று சொல்லத் திரும்பினேன். பஸ் போய்விட்டது. துண்டு என் தோளில் கிடந்தது.

யாரிடமும் வழி கேட்கவில்லை. கேட்க வேண்டும் என்றுதான் நினைத்தேன், ஆனால் கால் நடந்துகொண்டே இருந்தது. பேக்கரி வாசலில் மக்ரூன் வாடை வந்தது, அதைத் தாண்டி வலது பக்கம் திரும்பினேன், நெரிசலான தெரு, ஒரு கயிற்றுக்கடை, கயிற்றுக்கடை வரும் என்று எனக்குத் தெரிந்திருந்தது. அவர் சொல்லியிருப்பார். முப்பத்தாறு வருஷம் சொன்னதில் கயிற்றுக்கடையும் இருந்திருக்கும். ஆனால் கடைக்கு மேலே இருக்கிற செல்போன் விளம்பரத்தில் சிரிக்கிற அந்தப் பெண்ணையும் எனக்குத் தெரிந்திருந்தது, அவள் பல்லுக்கு மேல் காக்கை எச்சம் விழுந்திருக்கும் என்று நினைத்துக்கொண்டே நிமிர்ந்தேன், விழுந்திருந்தது. அப்போதுதான் முதன்முறையாகத் திரும்பிப் போய்விடலாமா என்று தோன்றியது. நடுப்பகல், சுற்றி ஜனங்கள், ஆட்டோக்கள், கருவாட்டு வாடை. எனக்கு மட்டும் முதுகு சில்லிட்டது. என் கண் பார்ப்பதற்கு முன்னாலேயே யாரோ இந்தத் தெருவைப் பார்த்து முடித்துவிட்டது போலிருந்தது. அவராகத்தான் இருக்க வேண்டும். அவர் என் பக்கத்தில் நடந்து வருகிறார், அவர் பார்த்தது எனக்குத் தெரிகிறது. அப்படி நினைத்ததும் பயம் போய்விட்டது. நடையில் வேகம் கூடிற்று. மாதா கோயில் கோபுரத்தைத் தாண்டினதும் கடல் கிடந்தது. அவர் சொன்னது சரிதான், சத்தமே இல்லை. அலையும் இல்லை. தட்டில் ஊற்றின தண்ணீர் மாதிரி கரையைத் தொட்டுக்கொண்டு சும்மா கிடந்தது. படகுகள்கூட அசையவில்லை. இத்தனை பெரிய ஒன்று ஒரு சத்தமும் போடாமல் கிடக்கக் கூடாது. பேச வேண்டியதைப் பேசாமல் உட்கார்ந்திருக்கிற ஆளைப் பார்ப்பதுபோல் இருந்தது. இதைப் பார்க்கத்தானே முப்பத்தாறு வருஷம் காத்திருந்தேன், முதல் தடவையாகப் பார்க்கிறேன், ஆனால் கண்ணில் ஒரு புதுசும் இல்லை.

கடை ஒரு வேப்பமரத்தடியில் இருந்தது. தகரக் கூரை, பாய்லர், நீளமான ஒரு பெஞ்சு. பெஞ்சில் யாரும் இல்லை. நாற்பது நாற்பத்தைந்து வயதுப் பெண் ஒருத்தி, கழுத்தில் சிலுவை, பால் சட்டியைத் துழாவிக்கொண்டிருந்தவள் என்னைப் பார்த்ததும் கரண்டியை வைத்துவிட்டாள். ஜெசிந்தா டீ ஸ்டால் என்று பலகையில் எழுதியிருந்தது, ஜெசிந்தா அவள்தான். வாங்கக்கா என்றாள். நான் இன்னார் என்று சொல்லவே இல்லை. பெஞ்சைத் துடைத்துவிட்டாள், சர்க்கரை போடாமல் ஒரு டீயை ஆற்றிக் கையில் கொடுத்தாள், சர்க்கரை போடவா என்று அவள் கேட்கவே இல்லை. அவர் சொல்லியிருப்பார். என்னைப் பற்றி உட்கார்ந்து பேசியிருக்கிறார், ஊதாச் சேலையில் வருவாள், டீக்குச் சர்க்கரை ஆகாது என்று. அப்படியென்றால் அவருக்கு என்மேல் கோபமில்லை, கோபமாக இருந்தால் இத்தனை சொல்லியிருப்பாரா. ஜெசிந்தா உள்ளேயிருந்து ஒரு துணிப்பையை எடுத்து வந்து பக்கத்தில் வைத்தாள். டிபன் டப்பாவில் இருந்த இட்லி ஊசிப்போய்விட்டதாம், கொட்டிவிட்டுக் கழுவி வைத்திருக்கிறாளாம். பையைத் திறந்தேன். நீலக் கட்டம் போட்ட சட்டை. மயில்கண் வேட்டி. ஒரு தலை துவட்டுகிற துண்டு. சட்டை மடித்திருந்த விதத்தைப் பார்த்தேன். கையை உள்ளே வாங்கி, காலருக்கு அடியில் பேப்பர் கொடுத்து, மூன்றாக மடித்திருந்தது. அவருக்கு அப்படி மடிக்கத் தெரியாது. அவருக்கு மடிக்கவே தெரியாது, சுருட்டத்தான் தெரியும். இட்லி ஊற்றவும் தெரியாது. டப்பாவின் மேல்தட்டில் ஆறு, கீழ்த்தட்டில் நாலு கொள்ளும். அவருக்கு ஆறு, எனக்கு நாலு. டீயைக் கீழே வைத்துவிட்டேன்.

அவுக எங்க உக்காந்திருந்தாக என்று கேட்டேன். ஜெசிந்தாவுக்குப் புரியவில்லை, எவுகக்கா என்றாள். பைய விட்டுட்டுப் போனவுக என்றேன். அவள் என் முகத்தையே பார்த்தாள். ஆவுடைத்தாய் பார்த்த அதே பார்வை. இவளுடையதில் கொஞ்சம் ஈரம் இருந்தது. அடுப்பைக் குறைத்துவிட்டு வந்து என் பக்கத்தில் பெஞ்சில் உட்கார்ந்தாள்.

"நீங்கதானக்கா விட்டுட்டுப் போனிய."

நான் சிரித்தேன். அவுக வந்ததாகத்தானே போனில் சொன்னாய் என்றேன். "ஆமாக்கா, உங்களத்தான் சொன்னேன். வீட்டுல வேற யாரோ போன எடுத்தாகன்னுல நெனச்சேன். வயசுல மூத்தவுகள அவ வந்தா, அவ போனான்னா சொல்லுவாக?"

அவ இல்லை. அவுக. என்னையும் அவுக என்று சொல்வார்கள். அறுபது வயதில் இது எனக்குத் தெரியாதா, நானே பால்கார அம்மாவை அவுக என்றுதான் சொல்கிறேன், டாக்டரம்மாவைச் சொல்கிறேன். அந்தச் சொல்லை நான் அவருக்கே எழுதிவைத்துவிட்டேன், அதற்குள் வேறொருத்தி வந்து உட்காருவாள் என்று நினைக்கவில்லை, அதுவும் நானே வந்து உட்காருவேன் என்று. செவ்வாய்க்கிழமை இப்போதாவது வரும் என்று கண்ணை மூடிக்கொண்டு காத்திருந்தேன். வரவில்லை. திங்கள் அரைத்தேன், புதன் சிலிண்டர். ஜெசிந்தா தணிந்த குரலில் சொல்லிக்கொண்டிருந்தாள். பதினோரு மணிக்கு வந்தேனாம். சிரித்த முகமாக வந்தேனாம். என் வீட்டுக்காரர் கடலில் குளித்துக்கொண்டிருக்கிறார், மாற்றுத்துணி கொண்டுவர மறந்துவிட்டார், மறதிக்காரர், நான்தான் எடுத்து வந்தேன் என்றேனாம். இந்தப் பெஞ்சில்தான் இரண்டு மணி வரை உட்கார்ந்திருந்தேனாம். அவுக கரையேறிட்டாகளா என்று நடுநடுவே கேட்டேனாம், அவள் படகுக்காரர் ஒருத்தரை அனுப்பித் தேடக்கூடச் சொன்னாளாம். பிறகு திடீரென்று எழுந்து நின்று, அவுக செத்துப்போனாகள்ள என்று அவளிடம் கேட்டேனாம். அழுத அழுகையில் பயந்துபோய் வீட்டு நம்பரை எழுதித் தரச் சொல்லியிருக்கிறாள். எழுதிக் கொடுத்துவிட்டு ஆட்டோவில் ஏறிப் போனேனாம். கேட்டுக்கொண்டே இருந்தேன். வேறு யாரோ ஒரு பாவப்பட்ட பொம்பளையின் கதை. ஐயோ பாவம் என்றுதான் எனக்கும் வந்தது. முதலில் பயம்கூட வரவில்லை, ஏமாற்றம்தான் வந்தது. அவர் வரவில்லை. வரவே இல்லை. நான் சொன்ன கடைசி வார்த்தை அவரோடு சேர்ந்து எரிந்துபோயிற்று, அதை இனி யாரிடமும் திரும்ப வாங்க முடியாது. பிறகுதான் பயம் வந்தது, மெதுவாக, காலிலிருந்து. ஒரு முழுநாள் என்னிடமிருந்து போயிருக்கிறது, நான் அதைக் காணோம் என்றுகூடத் தேடவில்லை. இன்னும் எத்தனை நாள் இப்படிப் போயிருக்கும். இன்றைக்கு இருக்கிறதே, இந்தக் கடல், இந்தப் பெஞ்சு, இவள் என் கையைப் பிடித்துக்கொண்டிருப்பது, இதுவும் நாளைக்கு இல்லாமல் போகுமா. அடுத்த செவ்வாய் மறுபடியும் மாவரைத்து, துணி மடித்து, சிரித்துக்கொண்டு பஸ் ஏறுவேனா. ஒவ்வொரு செவ்வாயும் அவர் எனக்குப் புதுசாகச் சாக வேண்டுமா. திருமலையிடம் சொல்ல வேண்டும். எட்டாவது மாடியானாலும் பரவாயில்லை, கதவைப் பூட்டிவைத்தாலும் பரவாயில்லை, இன்றைக்குச் சாயங்காலமே சொல்ல வேண்டும், மறக்கும் முன்னால். மறந்துவிட்டால்? அதற்கும் ஒரு வழி வேண்டுமே. ஜெசிந்தாவின் கையை இறுக்கிப் பிடித்தேன்.

"இந்தா பாரும்மா. நான் இன்னொரு தடவ வருவேன். வந்து அவுக வந்தாகளான்னு ஒங்கிட்டக் கேப்பேன். என்னய உக்கார வைக்காத. அவுக செத்துப்போயி இத்தன நாளாச்சுன்னு மூஞ்சிக்கு நேரா சொல்லிரு."

அவள் தலையைக் குனிந்துகொண்டாள். முந்தானையால் கண்ணைத் துடைத்தாள்.

"போன வாரமும் இதயேதாங்கா சொல்லிட்டுப் போனிய," என்றாள். "சொல்லிரணும்னுதான் இருந்தேன். இன்னைக்கும் சிரிச்ச முகமா வந்திய. எனக்குத்தான் வாய் வரல."